மைக்செட் பாய்க்குக் கேட்கிற மாதிரி

கடவுளுக்குக் கேட்கிறதா என்பது அப்புறம். முதலில் மைக்செட் பாய்க்குக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டு ஜெபத்துக்கு ரொம்ப காலம் இதுதான் சட்டமாக இருந்தது. திருவிடைமருதூர் முழுக்கத் தேடினாலும், அங்கிருந்து தஞ்சாவூர் வரைக்கும் தெருத்தெருவாகப் போய்த் தேடினாலும், குடியிருப்பவர்கள் சத்தமாக ஜெபம் பண்ணவில்லை என்று சண்டைக்கு வந்த வீட்டுக்காரர் இன்னொருத்தர் கிடைக்க மாட்டார். அதுவும் அவர் ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற முஸ்லிம் பெரியவர்.

எங்களுக்குத் தரங்கம்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமம். லுத்தரன் சபைக்காரர்கள். அங்கே இருந்தவரை பக்திக்காக நாங்கள் தனியாக எந்தப் பாடும் பட்டதில்லை. காலையில் மணி அடிக்கும், சாயங்காலம் மணி அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தெருவே கிளம்பிப் போகும், கூடவே நாமும் போய்விடுவோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட ஊர் இழுத்துக்கொண்டு போய்க் கோயிலில் உட்கார வைத்துவிடும்.

என் வீட்டுக்காரருக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் புதிதாக வந்த மாடர்ன் ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கே பார்த்தாலும் மில்லும் எஸ்.டி.டி. பூத்தும் முளைத்துக்கொண்டிருந்தன. மகன் டேவிட், மகள் எஸ்தர், இரண்டு ட்ரங்க் பெட்டி, ஒரு வேதப்புத்தகம் என்று வந்து இறங்கினோம். எங்கள் சபைக் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கும்பகோணத்துக்கு பஸ் ஏற வேண்டும். மணிச்சத்தம் இல்லாத ஊரில் முதல் ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது, அது ஞாயிற்றுக்கிழமை என்றே எனக்குத் தோன்றவில்லை.

வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "கவிச்சி சமைப்பீங்களா?" நான் கடற்கரைப் பக்கத்துக்காரி. கருவாடு இல்லாமல் எனக்குக் கஞ்சி இறங்காது. பொய் சொல்லவும் வாய் வராது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அதிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

கடைசியில் யாரோ சொல்லி மைக்செட் பாய் வீட்டுக்குப் போனோம். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாதியில் அவர், மறுபாதி வாடகைக்கு. வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி, கழுத்தில் மாலை மாதிரி ஒரு சுருள் ஒயர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேதக்காரங்களா?"

"ஆமாங்க பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வீட்ல ஜெபம் உண்டா?"

இங்கேயும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "உண்டுங்க. ஆனா சத்தம் வெளியில வராமப் பண்ணிக்குவோம்" என்றார்.

"சத்தம் வராமலா?" பாயின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வீடு கிடையாது தம்பி."

இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் நின்றோம். அவரே விளக்கினார். "பின்ன என்ன தம்பி. நான் ஒத்தை ஆளு. பொண்டாட்டி மௌத்தாயிட்டா. பயலுக ரெண்டு பேரும் சவூதியில. இதுக்கு முன்னாடி குடியிருந்தவரு பேங்குல வேலை. புருசன் பொண்டாட்டி சண்டையைக்கூட மெதுவாத்தான் போடுவாங்க. அந்தப் பக்கம் ஆளு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது. காலி வீட்டோட குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு."

இப்படியாக, சத்தம் போட்டு ஜெபம் பண்ணுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குக் குடி போனோம்.

அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எதுவானாலும் பாயின் குழாய்தான் கத்தும். காலமெல்லாம் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றதில் அவர் காது முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் அது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. மைக் வேலை செய்கிறதா என்று அவர் காதால் பார்ப்பதே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைப்பார். அதிர்ந்தால் சரி. பேசுகிறவர் அமைச்சரா, மாப்பிள்ளையின் மாமாவா என்பதுகூடக் கையிலேயே தெரியும் என்பார்.

போன் பேசுவதும் மைக்கில் பேசுவது மாதிரிதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மகன்கள் சவூதியிலிருந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் பண்ணுவார்கள். பாய் ரிசீவரை வாங்கி, முதலில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு "ஃபூ, ஃபூ" என்று ஊதுவார். "ஹலோ, செக், ஹலோ" என்பார். அதற்குப் பிறகுதான் "நல்லாருக்கியாடா?" அவர் போடுகிற சத்தத்துக்கு, "பாய், நீங்க போன் இல்லாமலே பேசலாம், சவூதிக்குக் கேக்கும்" என்பார் பூத்துக்காரர்.

எங்கள் சுவரையும் அவர் ஸ்பீக்கர் பெட்டியாகத்தான் வைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்ததும், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு உட்காருவார். நாங்கள் இந்தப் பக்கம் கீர்த்தனை பாடுவோம். பிள்ளைகள் மாறி மாறி வேதப்புத்தகம் வாசிப்பார்கள். பிறகு என் வீட்டுக்காரர் ஜெபம் பண்ணுவார். பாய்லர் இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய குரல். "மகா பரிசுத்தமுள்ள தேவரீர்" என்று அவர் ஆரம்பித்தால் மாடத்தில் இருக்கிற சீப்பு ஆடும். அவர் ஆமென் சொன்னதும் அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்கும். பாய் சோறு போட்டுக்கொள்கிறார் என்று அர்த்தம். நாங்கள் ஆரம்பிக்கத் தாமதமானால் கரண்டியால் சுவரில் டொக் டொக். பசிக்குமில்லையா.

கேபிள் டி.வி. வந்த புதிதில், பிள்ளைகளுக்கு ஏழரை மணிக்கு ஏதோ ஒரு தொடர் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் ஆசைதான். கீர்த்தனையில் இரண்டு சரணத்தை விழுங்கிவிட்டு, ஜெபத்தையும் தந்தி மாதிரி முடித்துவிட்டார். அடுத்த நிமிடம் வாசலில் பாய்.

"என்ன தம்பி, இன்னிக்குப் பாதியிலேயே கரண்ட் போயிடுச்சா?"

இவர் அசடு வழிந்துகொண்டு உள்ளே வந்தார். டி.வி.யை நிறுத்திவிட்டு விட்ட சரணத்தைப் பாடினோம். டேவிட் முணுமுணுத்தான், "நம்ம ஊருப் போதகர்கூட இப்படிக் கேட்டதில்லப்பா."

லெந்து நாட்கள் வந்தன. ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் கறி மீன் விட்டுவிட்டு அடக்கமாக இருக்கிற காலம். "என்ன தம்பி, உங்க வீட்லேருந்து மீன் வாசனையே காணோம்?" என்று பாய் கேட்டதற்கு, இவர் சுருக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எங்களுக்கும் நோன்பு மாதிரி பாய்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு யாரோ தட்டைத் தட்டிக்கொண்டு கதவை இடிக்கிறார்கள். தீப்பிடித்ததா, யாராவது போய்விட்டார்களா என்று அலறிப் புடைத்துக்கொண்டு திறந்தால், பாய் தலையில் துண்டோடு, கையில் தட்டும் சட்டியுமாக நிற்கிறார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. சஹர் நேரம் போவுது. பாங்கு சொல்லிட்டா அப்புறம் பச்சைத் தண்ணி குடிக்க முடியாது."

தன் கையாலேயே சோறு வடித்து, கறி கூடாதென்று பருப்புக் கடைந்து எடுத்து வந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எங்கள் நோன்பு வேறு மாதிரி என்று யார் சொல்வது? நாலு பேரும் தூங்கி வழிந்துகொண்டே சாப்பிட்டோம். அன்று பத்து மணிக்கு நான் கொல்லைக் கிணற்றடியில் ஒரு சொம்பு தண்ணீரைத் தூக்கிக் குடிக்கும்போது சுவருக்கு மேலே பாயின் தலை. "தங்கச்சி, நோன்பு" என்றார், ரொம்ப வருத்தத்தோடு. அந்த லெந்து முழுவதும் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு கட்டுப்பாடாக என் ஆயுசில் நான் லெந்து அனுசரித்ததே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று இன்னும் விசேஷம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டின்மேல் ஏறிக் குழாயைக் கட்டியிருக்கிறார். வேளாங்கண்ணிக்குப் போன யாரிடமோ சொல்லிவைத்து கேசட் வாங்கியிருக்கிறார். விடிந்தும் விடியாமலும் ஊர் முழுக்க மாதா பாட்டு. எங்கள் சபையில் மாதா பாட்டுப் பாடுகிற வழக்கம் கிடையாது. எதிர்வீட்டுக் கமலாக்கா கோலம் போட்டுக்கொண்டே, "உங்க மாதா பாட்டு ரொம்ப உருக்கமா இருக்கு" என்கிறார். என் வீட்டுக்காரர் புதுச் சட்டையும் பழைய முகமுமாகப் போய், பாயிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

பாய்க்கு விளங்கவில்லை. "ஏன் தம்பி, மர்யம் பீவி உங்க ஆண்டவரோட அம்மாதானே?"

"ஆமாங்க பாய்."

"புள்ள பொறந்த அன்னிக்கு அம்மாவைப் பத்திப் பாடாம வேற யாரைப் பத்திப் பாடுவீங்க?"

இவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரருக்கு சார்ஜாவில் பிட்டர் வேலை வந்தது. ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல், நெல் வரத்துக் குறைந்து, மில்லில் பாதி நாள் வேலை இல்லாத சமயம். போகத்தான் வேண்டியிருந்தது. பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "ஜெபத்தை மட்டும் விட்டுடாத. இங்க நமக்கு அதுதான் கோயில்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். சொல்வதற்கு எளிதாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்தோம். பிள்ளைகள் பாடினார்கள், வாசித்தார்கள். ஜெபம் பண்ண வேண்டிய இடம் வந்ததும் இரண்டும் என் முகத்தைப் பார்த்தன. நான் வாயைத் திறந்து ஜெபம் பண்ணினதே கிடையாது. எங்கள் ஊரில் போதகர் பண்ணுவார், வீட்டில் ஆண்கள் பண்ணுவார்கள். நாங்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஆமென் சொல்லுவோம். தேவரீர், கிருபாசனம் என்கிற சொல்லெல்லாம் கேட்கத் தெரியும், கோக்கத் தெரியாது. மனசுக்குள்ளேயே ஏதோ சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

சுவரில் டொக் டொக்.

எஸ்தரை அனுப்பி, ஜெபம் முடிந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். அவரே எழுந்து வந்துவிட்டார். "எப்ப முடிஞ்சுது? சுவரு சும்மாக் கெடந்துச்சே."

"மனசுக்குள்ள பண்ணிட்டேன் பாய்."

"மனசுக்குள்ள பண்ணா எனக்கு எப்படித் தெரியும்?"

தினமும் இதே வழக்கு. நான் முணுமுணுப்பேன், அவர் தட்டுவார். டேவிட்டைப் பண்ணச் சொன்னால், "அம்மா இருக்கும்போது நான் எப்படிம்மா?" என்று டி.வி. பக்கம் நகர்ந்துவிடுவான். பாட்டும் மெல்லக் குறைந்தது. ஒருநாள் வாசிப்பு இல்லை, இன்னொரு நாள் தலைவலி. பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்று கும்பகோணம் போவதும் நின்றது. இவர் போன் பண்ணும்போது மட்டும், "நடக்குது, நடக்குது" என்பேன். எங்கள் வீட்டில் வேதக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சாயங்கால ஜெபத்தைத் தவிர வேறு அடையாளம் எதுவும் அந்த ஊரில் கிடையாது. அது என் கையில் வந்து, என் வாயில் செத்துக்கொண்டிருந்தது.

பாய் விடவில்லை. ஒரு சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் ஸ்டாண்டுமாகக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் நிறுத்தினார்.

"உனக்குக் குரலு இல்ல, அவ்வளவுதானே? அதுக்குத்தான் மெஷின் இருக்கு."

"ஐயோ, வேண்டாங்க பாய்."

"பயப்படாத. மொதல்ல ஊதணும். ஊது."

பெரியவர் சொல்கிறாரே என்று ஊதினேன். ஃபூ என்று புயல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, கமலாக்கா வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எஸ்தர் அந்த மைக்கில் சினிமாப் பாட்டுப் பாடினாள். பாய் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ராகம் புதுசா இருக்கே, எந்தச் சங்கீதம்?" என்று கேட்டார். அதோடு மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் சுவரில் டொக் டொக் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள், ஜெபம் முடித்துவிட்டு நானே காதைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டுச் சத்தமும் இல்லை. மறுநாள் கமலாக்காதான் விஷயத்தைச் சொன்னார். பாயின் இளைய மகன் ஜாபரிடமிருந்து சில வாரமாக போன் இல்லை. பெரியவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாய் பகலெல்லாம் பூத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

போய்க் கேட்க எனக்குக் கூச்சம். எஸ்தரிடம் டீ கொடுத்தனுப்பினேன். அப்படியே ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் நாங்கள் ஜெபத்துக்கு உட்காருகிற நேரத்துக்கு அவரே வந்தார். வாசல்படி ஏறவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றார்.

"தங்கச்சி, பள்ளிவாசல்ல துஆ கேட்டாச்சு. நாகூருக்குப் போயி அங்கயும் கேட்டாச்சு. மகாலிங்கசாமி கோயில் குருக்கள்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். உங்க பக்கம்தான் பாக்கி."

"சொல்றேங்க பாய்."

"ஜாபருன்னு பேரு சொல்லிக் கேளு. ஆனா எனக்குக் கேக்கணும்மா. நீ மனசுக்குள்ள சொல்லிட்டா, சொன்னியா இல்லையான்னு ராத்திரியெல்லாம் எனக்குச் சந்தேகமாவே இருக்கும்."

சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் பாடினார்கள். தேவரீர் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அடுத்த சொல் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இந்தச் சுவர் இன்றைக்கும் சும்மாக் கிடக்கப்போகிறது என்று நினைத்தேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆண்டவரே" என்றேன்.

"அம்மா, கேக்காது" என்றாள் எஸ்தர்.

"ஆண்டவரே." எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு குரல் எனக்குள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. "பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்காரு. உங்களுக்குத் தெரியும். அவரைத் தெரியாதவங்க யாரு? அவரு மகன் ஜாபர். ஜாபர், ஆண்டவரே. சவூதியில இருக்கு. என்ன ஆச்சுன்னு தெரியல. சோறு தின்னுச்சோ இல்லையோ. இங்க இவரு மூணு நாளாச் சாப்பிடல. டீ குடுத்தனுப்புனா ஆறிப்போயித் திரும்பி வருது. எங்க இருந்தாலும் அந்தப் புள்ளைய ஒரு போன் பண்ண வைங்க. எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான் இருக்காரு, அவரையும் பாத்துக்குங்க. எனக்குத் தனியாப் பயமா இருக்கு. ஆத்துல தண்ணி விடச் சொல்லுங்க. மில்லு ஓடணும்."

இத்தனை நாள் அடைத்து வைத்தது மடை உடைந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. அடுப்படியில் பேசுகிற பேச்சுத்தான். ஆனால் அதையெல்லாம் ஆண்டவரிடம் இப்படிச் சொல்லலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியிலிருந்து கமலாக்கா குரல் கேட்டது: "அப்படியே எங்க மோட்டாரு ரிப்பேரையும் சேத்துக்கம்மா." சேர்த்துக்கொண்டேன்.

ஆமென் என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய "ஆமீன்" வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுச் சத்தம்.

போன் உடனே வந்துவிடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் தினமும் உரக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பாய் தினமும் காலையில் வந்து, "நேத்து ஜாபரு பேரு சரியா விழல" என்றோ, "நேத்து நல்லா அதிர்ந்துச்சு" என்றோ சொல்லிவிட்டு பூத்துக்குப் போவார். டேவிட் ஒருநாள் தானாகவே டி.வி.யை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஜாபருக்கு என்ன ஆச்சு என்று அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்கும் போய், அங்கேயும் ஜாபர் பேரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் பாய் தெருவில் வேகமாக வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஜாபர் போன் பண்ணிவிட்டானாம். அவனைப் பாலைவனத்துக்குள் எங்கேயோ வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். போன் வசதியே இல்லாத இடமாம். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இனிமே கொஞ்சம் மெதுவாவே பண்ணலாம். நேத்து எங்க வீட்டுச் சுவருலேருந்து பல்லி வுழுந்துருச்சு."

அதற்குள் எனக்கு மெதுவாகப் பண்ண வராமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். இப்போது தஞ்சாவூரில் இருக்கிறோம், கோயில் நடந்துபோகிற தூரம். சபையில் பெண்கள் கூடுகையில் என்னை ஜெபம் பண்ணச் சொன்னால், "அம்மா, மைக் இருக்கு, மெதுவாவே பேசலாம்" என்பார்கள். பாயை அவர் மகன்கள் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அவர் இறந்த செய்தியை ஜாபர்தான் போன் பண்ணிச் சொன்னான். அப்போதுதான் அவருடைய சொந்தப் பெயரே எங்களுக்குத் தெரிந்தது. நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரில் எனக்கு யாரையும் பழக்கமில்லை.

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது. அதனால், நன்றி சொல்லுகிற இடத்தில் அவரை வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் அந்த இடம் வந்ததும், மைக்செட் பாய் என்றே சொல்வேன். அதை மட்டும் ஏனோ என்னால் மனசுக்குள் சொல்ல முடிவதில்லை.